தமிழர் பாடினால் தமிழ்ப் பாட்டா?
பினாங்கு சகோதரர்களின் முதல் இசைத்தட்டு

தொலைக்காட்சி அரங்கங்களில் இந்தத் தலைப்பு ஏதாவது ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும். 'தமிழனின் திறமை தமிழுக்கு வெளியே போனால் அது லாபமா, நட்டமா?' ஓர் அணி எழுந்து, உலகெங்கும் நம்மவர் கொடி பறக்கிறது என்று முழங்கும். கைத்தட்டல் விழும். மறு அணி எழுந்து, பறக்கிறது சரி, அந்தக் கொடியில் தமிழ் எங்கே என்று கேட்கும். அதற்கும் கைத்தட்டல் விழும். மலேசியாவில் இந்த வழக்கு நடந்தால் இரு தரப்புமே சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடிய ஒரு குழு உண்டு. பினாங்கின் எலிகேட்ஸ்.

பெயரை முதலில் பார்த்துவிடலாம். சந்து பொந்துகளில் திரியும் பூனைகள் என்று அர்த்தம். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதப் போனால் சிலர் கையில் 'எலிகேட்ஸ்' ஆகிறது, சிலர் கையில் 'அலிகேட்ஸ்' ஆகிறது. எலியும் பூனையும் ஒரே பெயருக்குள் குடியிருப்பது தமிழுக்குத்தான் வாய்த்த வேடிக்கை! லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் 1960களின் கடைசியில் தொடங்கிய குழு இது. தலைக்கு மேல் குடை விரித்தது போன்ற சுருட்டை முடி அவர்களின் அடையாளம். முகம் தெரியாவிட்டாலும் முடியைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அப்பா பெயர் ஆறுமுகம். ஊர் பினாங்கு. பாடியது மலாய். 1979இல் வெளிவந்த அவர்களின் முதல் மலாய் இசைத்தட்டின் பெயர் 'தெரிமா காசே'. அதாவது, நன்றி. விடைபெறும்போது சொல்லும் சொல்லை வாசற்படியிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்தவர்கள் இவர்கள்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள, ஜார்ஜ்டவுனில் ஒரே ஒரு சாலையில் நடந்தால் போதும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. வெள்ளைக்காரர் காலத்தில் இதற்குப் பிட் வீதி என்று பெயர். பழைய ஆட்கள் பலருக்கு வாயில் வருவது அந்தப் பெயர்தான். சாலையின் ஒரு முனையில் 1818இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்ச தூரத்தில் ஊதுபத்திப் புகை மாறாத குவான் யின் கோயில். பக்கத்திலேயே, குயின் வீதிப் பக்கம் கோபுரம் காட்டி நிற்கும் 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில். அப்புறம், தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கிவைத்த பள்ளிவாசல். மணி, சங்கு, பாங்கு எல்லாமே ஒரே காற்றில் கலக்கும் சாலை. 2008இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தபோது, இந்தக் கலப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வைத்தது.

சாலையின் பெயரிலேயே ஒரு வழக்கு இருப்பதையும் சொல்ல வேண்டும். 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த சாதாரணச் சொல். இன்று மலேசியத் தமிழரைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் அது வசவு. ஆனால் அதே சொல் பள்ளிவாசலின் பெயரில் வந்தால் அங்கே ஒரு தலைவரின் பட்டத்தோடு ஒட்டி நிற்கிறது. ஒரே சொல் ஓர் இடத்தில் அவமானம், இன்னோர் இடத்தில் மரியாதை. எது யாருடையது என்று இந்த ஊரில் கோடு கிழிப்பது அவ்வளவு சுலபமில்லை.

பினாங்கின் இசையும் அப்படித்தான். 'போரியா' என்று ஓர் ஆட்டபாட்டம் உண்டு. இன்று அது பினாங்கு மலாய்க் கலை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துப் படைகளோடு வந்த இந்திய முஸ்லிம்கள் வழியாக அது இங்கே வேர் பிடித்தது என்று சொல்லப்படுகிறது. மலாய் இசையின் மன்னன் என்று நாடே கொண்டாடும் பி. ரம்லி 1929இல் பிறந்ததும் இதே பினாங்கில்தான். அவருடைய தந்தை அச்சே வம்சாவளி. வந்தவர்கள் வாசித்தார்கள், ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது.

இந்த ஊருக்குள்தான் 1950களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் வந்து இறங்கியது. எல்விஸ் பிரெஸ்லி வானொலியிலும் திரையிலும் வந்தார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு, மலாயாவின் பட்டணங்களில் கிட்டார் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' என்று ஒரு வகையையே உண்டாக்கினார்கள். தமிழர் வீடுகளும் தப்பவில்லை. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படம் வந்தபோது, மெல்லிசை மன்னர்களின் தாளத்தில் துள்ளியது அதே மேற்கத்தியத் துள்ளல்தானே? கர்நாடக சங்கீத வாசனையுள்ள அப்பா, எம்ஜிஆர் பாட்டுக்கு உயிரை விடும் அம்மா, பீட்டில்ஸ் போல முடி வளர்க்கும் மகன் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த காலம்.

ஆறுமுகத்தின் பிள்ளைகள் அந்த அலையில் வந்தவர்கள். அவர்களின் முதல் பத்தாண்டு முழுக்க மேடைதான். ஊர்க் கச்சேரிகளில் தொடங்கி, பிறகு ஹாங்காங் வரை போய் இரவு விடுதிகளில் வாசித்தார்கள். கேட்பதற்கு ஆடம்பரமாக இருக்கும். உண்மையில் அது கூலி வேலை. இரவு முழுக்க நின்று பாட வேண்டும். குடிக்க வந்தவர் கேட்கும் பாட்டைப் பாட வேண்டும். ஒரு மேசை மெதுவான பாட்டு கேட்கும், அடுத்த மேசை ஆட்டப் பாட்டு கேட்கும். தன் பாட்டு என்று ஒன்று இருந்தாலும் அதைக் கேட்க அங்கே யாரும் வரவில்லை.

இங்கேதான் வாசகர்கள் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேடைக் குழு வேறு, இசைத்தட்டுக் குழு வேறு.

மேடையில் நிற்பவருக்குத் தேவை ஞாபகசக்தியும் தொண்டையும். அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசித்தால் போதும், கைத்தட்டல் நிச்சயம். இசைத்தட்டு அப்படியல்ல. எல்விஸ் பாட்டை எல்விஸே பாடிய தட்டு கடையில் இருக்கும்போது, ஆறுமுகத்தின் மகன் பாடியதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஆக, ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்த மாத்திரத்தில் குழுவைப் பார்த்து இரண்டு கேள்விகள் பாயும். உன் பாட்டு எது? உன் மொழி எது?

அந்தக் காலத்து நெடுந்தட்டு என்பது 12 அங்குலக் கறுப்பு வட்டு. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்று முழுதும் மூன்றில் ஒரு பங்கும் சுற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம், மறு பக்கத்தில் அதே அளவு. பத்துப் பாட்டு, முன்னே பின்னே. அந்தப் பத்தையும் ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து நின்று வாசிப்பதும் உண்டு. 1970களில் வளர்ந்திருந்த வழக்கம் வேறு. அகலமான காந்த நாடாவில் பல தடங்கள் இருக்கும். முதலில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒரு தடத்தில் ஏறும். பிறகு கிட்டார், கீபோர்டு. பாடகர் கடைசியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான இசையைக் கேட்டபடி தனியாகப் பாடுவார். எதிரே ஆட்கள் இல்லை, விசில் இல்லை. மேடையில் சத்தத்தில் மறைந்துபோகும் சின்னப் பிசிறுகூட இங்கே தெரியும். மேடையில் பெரிய புலியாக இருந்தவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பூனையாகிப் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. லோகநாதனுக்கு நேர்மாறாக நடந்தது. அவருடைய குரல் அடிவயிற்றிலிருந்து வரும் கனமான, ஆனால் மிருதுவான குரல். கத்தத் தேவையில்லாத இடத்தில்தான் அது முழுசாக வெளிப்பட்டது.

பீட்டில்ஸ் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1960 முதல் 1962 வரை அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் ராத்திரி ராத்திரியாக அடுத்தவர் பாட்டை வாசித்தவர்கள். 1963இல் வந்த முதல் இசைத்தட்டில் மொத்தம் 14 பாடல். அதில் 8 சொந்தப் பாட்டு, 6 அடுத்தவர் பாட்டு. பெரும்பகுதியை பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பாடி முடித்தார்கள். விடுதியில் வாங்கிய அடிதான் அந்த ஒரு நாளைத் தாங்கியது. பீட்டில்ஸுக்கு ஹாம்பர்க் என்றால் எலிகேட்ஸுக்கு ஹாங்காங். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பீட்டில்ஸ் பாடிய மொழியும் அவர்கள் அம்மா பேசிய மொழியும் ஒன்று. பினாங்குப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

அவர்கள் முன்னால் இருந்தவை மூன்று மொழிகள். ஆங்கிலத்தில் பாடினால் லண்டனோடும் அமெரிக்காவோடும் போட்டி. மலாயில் பாடினால் நாட்டின் பெரும்பான்மைச் சந்தை, கூடவே சிங்கப்பூர். தமிழில் பாடினால்?

எதிரணி ஆவேசமாகக் கேட்கும் கேள்வி இதுதான். 'ஏன் தமிழில் பாடவில்லை? தாய்மொழி கசந்ததா?' கேள்வியில் உணர்ச்சி இருக்கிறது. கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1978ஐ எடுத்துக்கொள்வோம். ரஜினிகாந்த் நடித்து, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படமாக்கப்பட்ட 'பிரியா' வந்த வருடம். இளையராஜாவின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை என்பதே பெரிய பேச்சு. டிரம்ஸ், பேஸ் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார் எல்லாம் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்தன. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலிருந்து தோட்டப்புறத்துத் தீமிதி வரைக்கும் சென்னைப் பாட்டுதான் ஒலித்தது. ஒரு மலேசியத் தமிழ் இளைஞனுக்கு கிட்டார் சத்தம் வேண்டுமென்றால் அதையும் சினிமாவே கொடுத்துவிட்டது. அப்படிப்பட்ட வருடத்தில், சினிமாவில் வராத, கதாநாயகன் வாயசைக்காத, உள்ளூர்க் குழுவின் தமிழ் ராக் இசைத்தட்டை எந்த நிறுவனம் முதல் போட்டு அச்சிட்டிருக்கும்? அச்சிட்டால் நம்மில் எத்தனை பேர் வாங்கியிருப்போம்? தமிழை அவர்கள் கைவிட்டார்கள் என்று குற்றம் சாட்டும் முன்னால், தமிழ் வீடுகளின் இசைத்தட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நியாயம். அதில் சென்னை இருந்தது. பினாங்கு இல்லை.

மலாய்ச் சந்தையும் அப்போது ஒரு திருப்பத்தில் இருந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு தேசிய மொழி, தேசியப் பண்பாடு என்ற பேச்சு அரசாங்கக் கொள்கையானது. 1970இலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறத் தொடங்கின. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. மலாயில் புதுப் பாட்டுக்கு ஒரு தலைமுறையே காத்திருந்தது. ஆனால் கடைகளில் குவிந்து கிடந்தவை கோயஸ் பிளஸ், டி லாய்ட் போன்ற இந்தோனேசியக் குழுக்களின் தட்டுகள். அந்த இடத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து ஸ்வீட் சாரிட்டி, பினாங்கிலிருந்து எலிகேட்ஸ் என்று புதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து திரும்பிய சகோதரர்களை பாலிகிராம் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 'தெரிமா காசே' வந்தது. பிறகு பல வருடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இசைத்தட்டுகள். 'செஞ்ஞும்லா கோலாலம்பூர்', 'ஹிங்கா அகிர் நந்தி', 'சம்பைக்கான் சலாம் சிந்தாகு' என்று மலேசியர் யாரிடம் கேட்டாலும் இரண்டு அடி முணுமுணுக்கக்கூடிய பாடல்கள்.

கறாராகப் பார்ப்பவர்கள் இதை ராக் அண்ட் ரோல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதுவும் சரிதான். குழுவின் எலும்பு ராக் அண்ட் ரோல். சதை, அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை. மேலே போட்ட சட்டை மலாய் மெல்லிசை. காதலும் பிரிவும் கலந்த, நிதானமான பாடல்களில்தான் அவர்கள் மக்கள் மனதில் நின்றார்கள். ஆட்டப் பாட்டுகள் காலத்தோடு போய்விட்டன.

இனி வழக்கின் முக்கியமான சாட்சி. எலிகேட்ஸ் பாடிப் புகழ்பெற்ற பல பாடல்களுக்கு மெட்டமைத்தவர் எம். நாசிர். சிங்கப்பூரில் பிறந்த மலாய்க்காரர். பிற்காலத்தில் மலேசிய இசையின் பெரிய ஆளுமையாக வளர்ந்தவர். அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். தன் மொழியில், தன் கற்பனையில் உருவான மெட்டுகளை அவர் தமிழர் குரலுக்குத் தந்தார். அவரிடம் யாராவது போய், 'மலாய்ப் பாட்டைத் தமிழனிடம் கொடுத்துவிட்டாயே' என்று கேட்டிருந்தால்? நட்டக் கணக்கு எழுதுபவர்கள் ஒரு பக்க ஏட்டை மட்டும் புரட்டினால் போதாது. தமிழ் ஒரு குரலைக் கொடுத்தது என்றால், மலாய் தன் வார்த்தைகளைக் கொடுத்தது.

உலகத்தில் இது புதிதும் இல்லை. குயின் குழுவின் ஃபிரெட்டி மெர்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சி. மராட்டியத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். ஆங்கிலத்தில் பாடி, உலகத்தின் மிகப் பெரிய ராக் பாடகர்களில் ஒருவரானார். ஆனால் அவர் ஒன்று செய்தார், ஆறுமுகம் சகோதரர்கள் அதைச் செய்யவில்லை. ஃபரூக் தன் பெயரை மாற்றிக்கொண்டார். லோகநாதன் கடைசி வரை லோகநாதன்தான். மலாய் ரசிகர்கள் 'லோகா' என்று செல்லமாகச் சுருக்கினார்கள், அவ்வளவே. இசைத்தட்டு உறையிலும், வானொலி அறிவிப்பிலும், பத்திரிகைத் தலைப்பிலும் 'ஆறுமுகம்' என்ற முருகன் பெயர் மலாய் உச்சரிப்பில் நாடெங்கும் ஒலித்தது. தமிழ் எங்கே என்று கேட்ட அணிக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனாலும், இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? யாருடைய பாட்டு என்ற கேள்விக்கு அரங்கத்தைவிட நீதிமன்றம் தெளிவாகப் பதில் சொல்லும். ஓர் இசைத்தட்டுப் பாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உரிமைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வரியும் மெட்டும் எழுதியவர்களுக்கு. பதிவு செய்த ஒலி, முதல் போட்ட நிறுவனத்துக்கு. பாடியவருக்கு? மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வந்தபோதுகூட, பாடகரின் உரிமை அதில் தனியாக இடம்பெறவில்லை. 2000இல் செய்த திருத்தத்தில்தான் மேடைக் கலைஞருக்கென்று உரிமை சேர்க்கப்பட்டது. பாட்டைக் கேட்டதும் ஊரே 'இது லோகா பாட்டு' என்று சொல்லும். சட்டத்தின் கண்ணில் பல காலம் அவர் அந்தப் பாட்டுக்கு வந்துபோன விருந்தாளிதான். ஒப்பந்தத்தில் எழுதியது கிடைத்தால் உண்டு. இது மலாய்ப் பாடகர்களுக்கும் சீனப் பாடகர்களுக்கும் பொதுவாக நடந்ததுதான். அதோடு, மூலைக்கு மூலை விற்ற திருட்டு ஒலிநாடாக்கள். ஆயிரம் பேர் கேட்டு ரசித்தால் பத்துப் பேர் காசு கொடுத்திருப்பார்கள் என்ற நிலைமையில், இரவு விடுதியில் பாடிச் சம்பாதிப்பது பேர் வந்த பிறகும் விட முடியாத தொழிலாகவே பலருக்கும் இருந்தது. நம்மவர் கொடி பறக்கிறது என்று முழங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பேசினால் நன்றாக இருக்கும்.

2007 ஜூன் 4 அன்று லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். எலிகேட்ஸ் பாடல்களில் ஒன்றின் தலைப்பு 'அண்டைஞா அக்கு பெர்கி டூலு'. நான் முதலில் போய்விட்டால் என்று பொருள். காதலர்களுக்காக எழுதப்பட்ட அந்தப் பாட்டு, அதற்குப் பிறகு வேறு பாட்டாகிவிட்டது. டத்தோ டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்கவில்லை. தொடர்ந்து மேடை ஏறினார்.

அடுத்த தலைமுறை இரண்டு திசையிலும் போனது. 2004இல் முதல் மலேசியன் ஐடல் போட்டியில் வென்ற ஜாக்லின் விக்டர் மலாயில் பாடி, நாட்டின் முன்னணிப் பாடகிகளில் ஒருவரானார். லோகநாதன் திறந்த கதவு வழியாகத்தான் அவர் நடந்து போனார் என்றால் மிகையில்லை. மறுபுறம் யோகி பி. 1998இல் போயட்டிக் அம்மோ குழுவோடு ஆங்கில ராப் பாடி வந்தவர், 2006இல் நட்சத்திரா குழுவோடு சேர்ந்து தமிழிலேயே 'வல்லவன்' இசைத்தட்டைப் போட்டார். அதில் இளையராஜாவின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று ராப் வேடத்தில் திரும்பி வந்தது. சென்னை இளைஞர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். மறு வருடமே தமிழ் சினிமா அவரை அழைத்து 'பொல்லாதவன்' படத்தில் பாட வைத்தது. மலேசியாவிலிருந்து தமிழ்ப் பாட்டு சென்னைக்குப் போக முடியும் என்று 1979இல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இடையில் 27 வருடம், குறுந்தட்டு, இணையம், ஊரூராகத் தமிழ் வானொலி எல்லாம் வர வேண்டியிருந்தது.

'ஏன் தமிழில் பாடவில்லை' என்ற கேள்வியை 2006க்குப் பிறகு வருகிற பாடகரிடம் கேட்கலாம். அவருக்குச் சந்தை இருக்கிறது, வழியும் தெரிகிறது. 1979இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக நின்ற லோகநாதனிடம் கேட்டால், அந்தக் கேள்வி பாதி தூரம் போய், கேட்டவர்களிடமே திரும்பி வரும்.